ஏரி நிரம்பினால்தான் முழுக்கு

சென்னை புறநகர் ரயில் சூலூர்பேட்டை வரை போகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மூர் மார்க்கெட்டில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. தடா வந்ததும் பலகைகள் தெலுங்குக்கு மாறிவிடும், பேச்சு மாறாது. டீக்கடையில் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வருகிறது, சில்லறை மட்டும் தெலுங்கில் எண்ணித் தருகிறார்கள்.

நண்பனின் அம்மாவுக்குச் சொந்த ஊர் அங்கிருந்து வடக்கே, நாயுடுபேட்டை போகும் வழியில் உள்ளே ஒரு சின்ன கிராமம். அங்கே இருக்கும் பாப்டிஸ்ட் சர்ச்சைப் பார்க்கத்தான் கிளம்பினோம். ஏறிய ஷேர் ஆட்டோ ஸ்ரீஹரிகோட்டா ரோட்டில் திரும்பியதை நாங்கள் கவனிக்கவில்லை. இரண்டு பக்கமும் பழவேற்காடு ஏரி தெரிந்த பிறகுதான் உறைத்தது. ஊர் போய்ச் சேர்வதற்குள் ஆராதனை முடிந்து, பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

சர்ச் என்றால் கோபுரம், வண்ணக் கண்ணாடி என்று எதுவும் இல்லை. ஓட்டுக் கூரை, சுண்ணாம்புச் சுவர், வாசலில் வேப்பமரம். மரத்தில் தொங்கும் ஒரு துண்டு தண்டவாளம்தான் மணி. சுவரில் பதித்த கல்லில் வருஷம் இருந்திருக்கிறது. சுண்ணாம்பு மேல் சுண்ணாம்பு அடித்து அடித்து இப்போது கடைசி எண் மூன்றா எட்டா என்று ஊரே இரண்டு கட்சி.

நண்பனின் பெரியப்பாதான் இங்கே சங்கப்பெத்த, அதாவது சபை மூப்பர். "வா தம்பி, சாப்பிட்டு பேசலாம்" என்றார். மீன் குழம்பு முடிந்த பிறகு முதல் கேள்வியை நானே கேட்டேன். இந்தப் பக்கமெல்லாம் ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் வேலை செய்த லூத்தரன் பூமி ஆயிற்றே, நடுவில் பாப்டிஸ்ட் எப்படி?

"மருமகளால வந்தது" என்றார். ஓங்கோல் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அவருடைய கொள்ளுப்பாட்டி, லூத்தரன்கள் செய்வதுபோல் தலையில் தண்ணீர் தெளிப்பதை ஞானஸ்நானம் என்று கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லையாம். பாப்டிஸ்ட் வழக்கப்படி பிள்ளைகளும் விவரம் தெரிந்த வயதில் முழுகித்தான் எழ வேண்டும் என்று நின்றிருக்கிறாள். அவள் வீட்டுத் திண்ணையில் நடந்த ஜெபக்கூட்டம்தான் இந்த சபை.

ஓங்கோல்காரி ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தாள் என்பதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனின் சாமுவேல் டே 1840-ல் நெல்லூரில் வேலையைத் தொடங்கினார். வருஷக்கணக்கில் ஆள் சேரவில்லை. இழுத்து மூடிவிடலாமா என்று 1853-ல் அமெரிக்காவில் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறார்கள். மிஷனின் வரைபடத்தில் தெலுங்கு தேசத்துக்கு இருந்தது நெல்லூர் என்ற ஒரே ஒரு புள்ளி. 'ஒற்றை நட்சத்திரம்' என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது. நல்லவேளை, மூடவில்லை.

1866-ல் ஓங்கோலுக்கு அதே மிஷனின் ஜான் கிளஃப் வந்தார். பத்து வருஷத்தில் நம் தாத்தாக்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்ன 1876-78 பஞ்சம். அரசாங்கம் நிவாரண வேலையாகக் கால்வாய் வெட்டியது. அதில் மூன்றரை மைலைக் கிளஃப் காண்ட்ராக்ட் எடுத்தார். மற்ற இடங்களில் மேஸ்திரிகளிடம் அடியும் ஏச்சும் பட்ட மாதிகா என்ற ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் அவரிடம் வந்து மண் சுமந்தார்கள். அது எந்தக் கால்வாய் தெரியுமா? மயிலாப்பூரில் பறக்கும் ரயிலுக்குக் கீழே நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோமே, அதே பக்கிங்ஹாம் கால்வாய்தான்.

எனக்குக் கிளஃப்பிடம் பிடித்தது வேறு விஷயம். சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்று பேச்சு வரக்கூடாது என்பதற்காக, பஞ்சம் ஓயும் வரை ஒருவருக்குக்கூட ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. நிவாரணம் நின்ற பிறகு அணை உடைந்த மாதிரி கூட்டம். 1878 ஜூலை 3 அன்று வெல்லம்பள்ளியில், குண்ட்லகம்மா ஆற்றில், ஒரே நாளில் 2,222 பேர். ஆறு உபதேசிமார், இரண்டிரண்டு பேராக மாறி மாறித் தண்ணீரில் நின்று முழுக்கு கொடுத்திருக்கிறார்கள். கிளஃப் கரையில்தான் இருந்தார்.

பெரியப்பா இந்தக் கதையை எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகச் சொன்னார், வருஷம் மட்டும் ஒன்றுகூட சொல்லவில்லை. அவருக்குக் காலக்கணக்கு வேறு. "ஏரி கோடி போன வருஷம் எனக்கு முழுக்கு", "அடுத்த தடவை ஏரி ரொம்பினப்ப தம்பிக்கு" என்றுதான் போகும். சபைக்கு ஞானஸ்நானத் தொட்டி கிடையாது. ஊர் ஏரிதான் தொட்டி. தண்ணீர் இடுப்பளவு வராத வருஷத்தில் முழுக்கும் இல்லை.

பின்னறையைத் திறந்து காட்டினார். ஆணிகளில் வெள்ளை அங்கிகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் அடிப்பகுதியிலும் முழங்கால் உயரத்துக்கு வண்டல் கறை, டீ டிகாக்‌ஷன் நிறத்தில். எத்தனை தடவை வெளுத்தாலும் போகாதாம். சின்னதாக ஒன்று மட்டும் பளீரென்று புதிதாக இருந்தது.

"இது யாருக்கு?" என்றேன்.

"பேத்திக்கு. போன வருஷமே தெச்சாச்சு. தண்ணி வரல. இப்ப வளர்ந்துட்டா, கீழ மடிச்சத பிரிக்கணும்."

நகரத்துப் பாஸ்டர் ஒருவர் சிமெண்ட் தொட்டி கட்டித் தருகிறேன் என்று கேட்டிருக்கிறார். பெரியப்பாவுக்கு இஷ்டமில்லை. பேத்திக்கு இஷ்டம்தான் போலிருக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் ஏரிக்கரை வரை வந்து வழியனுப்பினார். நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர், அதில் இரண்டு எருமை. ஆட்டோ வந்துவிட்டது.

"தம்பி, மெட்ராஸ்ல புயல் வந்து நின்னுதுன்னா இங்க ரெண்டு நாள்ல ஏரி ரொம்பும். அங்க ஸ்கூலுக்கு லீவு விட்டா ஒரு போன் அடி."