நிஷி கசாய் ஆங்கில வட்டம்: ஏப்ரல், மே

ஏப்ரல் 4

பள்ளி, அலுவலகம், வானொலி ஆங்கிலப் பாடம் என்று ஜப்பானில் எல்லாமே ஏப்ரலில்தான் தொடங்கும். ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள புத்தகக் கடையில் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் வானொலிப் பாடப் புத்தகங்களை முன்னாலேயே அடுக்கிவிட்டார்கள். டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் ஆங்கிலம் பேசிப் பழக நான் நடத்தும் வாரக் கூட்டத்துக்கும் புது முகங்கள் வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெண் டோயிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 990க்கு 800க்கு மேல் வாங்கியவர். கூட்டம் முடியும்வரை வாயே திறக்கவில்லை. பலரும் எழுதுவது கேட்டல், படித்தல் தேர்வைத்தான். 2 மணி நேரத்தில் 200 கேள்விகள், பேசுவதற்கு அதில் இடமே கிடையாது. பேசிப் பழகாதவரைப் பேசவில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை.

ஏப்ரல் 11

லண்டன் விமான நிலையத்தில் பெட்டி தொலைந்தால் எப்படிப் புகார் செய்வது என்பதுதான் பாடம். லண்டனையே பார்க்காதவர்கள் அதில் என்ன பேசுவார்கள்? புத்தகத்தை மூடிவிட்டு, "நான் உங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவள். குப்பையை எப்படிப் போட வேண்டும், சொல்லுங்கள்" என்றேன். அவ்வளவுதான், ஆளுக்கு ஆள் பிடித்துக்கொண்டார்கள். பாட்டில் மூடியைக் கழற்று, லேபிளை உரி, அலசு, நசுக்கு. காக்கை கிளறாமல் வலையால் மூடு. முந்தின நாள் இரவே கொண்டுபோய் வைக்காதே! போன வாரம் பேசாத அந்தப் பெண் இரண்டு பேரைத் திருத்தினார், ஆங்கிலத்தை அல்ல, குப்பை விதியை.

ஏப்ரல் 18

இன்று கொன்பினியில் (தெருமுனைச் சிறு கடையில்) விற்கும் ஒனிகிரி, அதாவது கடல்பாசித் தாள் சுற்றிய சோற்று உருண்டை. உறையைப் பிரிக்கும் விதத்தை ஒருவர் படிப்படியாகச் சொல்ல, நான் அப்படியே செய்தேன். 1 என்று போட்ட நாடாவை நடுவில் மேலிருந்து இழுத்துச் சுற்றிக் கிழிக்க வேண்டும். அப்புறம் 2, 3 மூலைகளைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். சோற்றுக்கும் கடல்பாசித் தாளுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தாள் வெளியே வந்துவிடும். அதனால்தான் கடல்பாசி நமுத்துப்போகாமல் மொறுமொறுவென்று இருக்கிறது.

பெரியவர் ஒருவர் 1974இல் ஜப்பானின் முதல் செவன் லெவன் கொன்பினி டொயோசுவில் திறந்ததை நினைவுகூர்ந்தார். டொயோசு இங்கிருந்து கிட்டத்தில்தான். ஓயாமல் பேசினார்.

ஏப்ரல் 25

மழை, ஆட்கள் குறைவு. கரோக்கே பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டுக் கலைந்தோம். அடுத்த வாரம் கோல்டன் வீக், ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் வரும் தொடர் விடுமுறை.

மே 9

அதே பெரியவர்தான் இன்றும். இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு வருடம், 1946 பிப்ரவரியில், ஹிரகாவா தடாயிச்சி வானொலியில் ஆங்கிலப் பாடம் தொடங்கினார். தினம் 15 நிமிடம். 'கம் கம் இங்கிலீஷ்' என்று ஊரெல்லாம் பேர். ஷோஜோஜி கோயில் தனுக்கியை (நரி போன்ற ஒரு விலங்கு) பற்றிய குழந்தைப் பாட்டின் மெட்டுக்கு ஆங்கில வரிகள் போட்டிருந்தார்கள். பெரியவர் அதை மேசையில் தாளம் தட்டிப் பாடிக் காட்டினார். அவருடைய அக்கா வானொலி முன்னால் உட்கார்ந்து படிக்கும்போது கூடக் கேட்டே மனப்பாடமாம். அந்தப் பாடங்களில் வந்ததும் சாதாரணக் குடும்பப் பேச்சுதான். சாப்பாட்டுக்கே திண்டாடிய காலத்திலும் ஜனங்கள் விடாமல் கேட்டதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மே 16

இன்று சசாயே சான். 1969 முதல் ஞாயிறு மாலை தொலைக்காட்சியில் ஓடும் கார்ட்டூன். அது முடிந்தால் நாளை திங்கள் என்று மனசு கனத்துவிடுமாம், அதற்கென்றே ஒரு நோய்ப் பெயர்கூட வைத்திருக்கிறார்கள். அலுவலகம் போகிறவர்கள் இன்று கொட்டித் தீர்த்துவிட்டார்கள். இந்த மாதிரிப் பேச்சு 2020 முதல் 5, 6ஆம் வகுப்புகளில் ஆங்கிலம் பாடமாகவே படிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும்.

அடுத்த வாரம் ரயில். வண்டி தாமதமானால் நிலையத்தில் தரும் தாமதச் சீட்டை எங்கே வாங்குவது, யாரிடம் காட்டுவது என்று கல்லூரிப் பையன் சொல்லித் தருகிறான். சீட்டு ஒன்றையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.