டெர் ஃபெர்லோரெனெ: காத்திருந்த சில இரவுகள்

மார்ச் 4

ரிப்போர்ட் நாளையும் வராதாம். அம்மா தூங்கிவிட்டாள், எனக்கு வரவில்லை. 'டெர் ஃபெர்லோரெனெ' போட்டேன். 1951-இல் வந்த ஜெர்மன் படம், நடிகர் பீட்டர் லோரெ இயக்கிய ஒரே படம். தலைப்புக்குத் தொலைந்துபோனவன் என்று பொருள். பாதியில் நிறுத்த முடியவில்லை.

மார்ச் 5

போர் முடிந்தபின் ஓர் அகதி முகாம். வரிசையில் நிற்பவர்களுக்கு ஊசி போடும் டாக்டர் (லோரெதான்) தன் பெயரை நொய்மைஸ்டர் என்கிறார். உண்மையில் அவர் ரோத்தெ. உதவிக்கு வந்து சேரும் நோவாக்கும் வேறு ஆள், பழைய சகா ஹோஷ். பொய்ப் பெயர்களோடு இருவரும் கேன்டீனில் உட்கார்ந்து விடிய விடியக் குடிக்கிறார்கள். 1943-இன் ஹாம்பர்க் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. ரோத்தெயின் ஆராய்ச்சியை அவருக்கு நிச்சயித்த பெண் எதிரி நாட்டுக்குக் கடத்தியிருக்கிறாள். அவளைக் கொன்றுவிடுகிறார். கொலையைப் படம் காட்டுவதில்லை.

என்னைப் பிடித்து உலுக்கியது அதற்கு அப்புறம் நடப்பதுதான். யாரும் அவரைத் துரத்துவதில்லை. அரசுக்கு அவருடைய ஆராய்ச்சி வேண்டும். அதனால் அவள் தற்கொலை செய்துகொண்டதாக ஜோடிக்கிறார்கள். நீ போய் வேலையைப் பார் என்கிறார்கள். தண்டனைக்குக் காத்திருக்கும் மனிதனுக்குத் தண்டனை வந்து சேரவே இல்லை. போலீஸ் துரத்தும் நூறு படங்களில் இந்தப் பயம் எனக்கு வந்ததில்லை.

மார்ச் 6

இன்றும் இல்லை.

மார்ச் 7

அந்த சிகரெட். ஒன்று அணைவதற்குள் அடுத்தது. வீட்டில் யாருமே புகைப்பதில்லை, ஆனாலும் இரண்டு நாளாக அந்த வாசனை மூக்கிலேயே நிற்கிறது.

1931-இல் 'எம்' படத்தின் கொலைகாரனாக இதே லோரெ கண்களை உருட்டிக் கதறினார். 1933-இல் நாஜிகள் வந்ததும் யூதரான அவர் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். பல வருடம் கழித்து அங்கே திரும்பிப் போய், மறக்க நினைத்தவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். இதில் கதறல் இல்லை. குரல் தணிந்து, களைத்துப்போய் வருகிறது. படம் ஓடவில்லை. அமெரிக்காவுக்கே திரும்பிவிட்டார். மறுபடி எதையும் இயக்கவில்லை. எனக்கு ஆறவே இல்லை.

மார்ச் 8

அம்மா கஞ்சி போதும் என்றாள். இரண்டு வாய்தான்.

மார்ச் 9

கடைசிக் காட்சியை மட்டும் நான்கு முறை பார்த்தேன். ஹோஷைச் சுட்டுவிட்டு ரோத்தெ தண்டவாளத்துக்கு நடக்கிறார். பின்னால் ரயில் வருகிறது. அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. கையால் முகத்தை மூடிக்கொள்கிறார். அந்தக் கை.

நாளை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவின் பழைய ஸ்கேன்களையெல்லாம் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.