தம்பி குடிக்க மாட்டான்

மார்ச் 4, 2024, திங்கள்

புதன்கிழமை தம்பிக்குக் கணையத்தில் ஆபரேஷன். செரிமான நீரும் இன்சுலினும் சுரக்கிற உறுப்பு அது; இவனுக்கு நாள்பட்ட அழற்சி, உள்ளே கல். இந்த நோய் என்றாலே குடிதான் காரணம் என்று நினைக்கிறார்கள். கேஸ் ஷீட் எழுத வந்த டாக்டர் முதலில் கேட்டதும் அதையேதான்: "குடிப்பழக்கம் உண்டா?" இந்த நான்கு வருஷத்தில் எத்தனையாவது தடவையோ. தம்பிக்கு வயது 23. பீர் வாசனையே ஆகாது. பத்தொன்பதில் வலி தொடங்கியபோது அல்சர் என்றார்கள்; இரண்டு வருஷம் ஜெலுசில் குடித்தே போயிற்று. சாப்பிட்டால் வலிக்கிறது என்று சாப்பாட்டையே குறைத்துவிட்டான். ராத்திரியில் தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருப்பான். கணையம் முதுகை ஒட்டிக் கிடக்கிறது, குனிந்தால் கொஞ்சம் தணியுமாம்.

மார்ச் 5

பெரிய டாக்டர் சிடி ஸ்கேன் படத்தைக் காட்டினார். கணையத்துக்குள் ஓடும் குழாய் 3 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் சரி, இவனுக்கு 11. கல் அடைத்து, நீர் வெளியேற வழியில்லாமல் வீங்கிவிட்டது. தலைப்பகுதியைக் குடைந்தெடுத்து, குழாயை நீளவாக்கில் திறந்து, சிறுகுடலைக் கொண்டுவந்து அதன்மேல் தைப்பார்கள். ஃப்ரே ஆபரேஷன், சார்லஸ் ஃப்ரே என்ற அமெரிக்க சர்ஜன் 1987-இல் எழுதிய முறை.

"கணையத்தையே எடுத்துடுவீங்களா?" என்றார் அம்மா.

"இல்லம்மா. வாய்க்கால் தூர் வாருற மாதிரி." அம்மாவுக்கு அது உடனே புரிந்தது. அடுத்து மரவள்ளிக்கிழங்கு. சின்ன வயசில் நிறைய தின்றானே, அதனாலா? டாக்டர் சிரித்தார். கேரளாவில் டாக்டர் கீவர்கீஸ் இந்த நோயாளிகளை நூற்றுக்கணக்கில் பார்த்து எழுதிய காலத்தில் கிழங்கின்மேல் சந்தேகம் இருந்ததாம், நிரூபணம் ஆகவில்லை. இப்போது பலரிடம் மரபணு மாற்றம் தெரிகிறது என்றார்.

மார்ச் 6

காலை எட்டு மணிக்கு உள்ளே போனவன் இரண்டு மணிக்கு வெளியே வந்தான். சிஸ்டர் ஒரு சின்ன டப்பாவை நீட்டினார். வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்து கட்டியானது போல, வெள்ளையாக, முள் முள்ளாகக் கற்கள். ஆட்டினால் கலகலக்கிறது. கால்சியம் கார்பனேட்டாம், சுண்ணாம்புக் கல்லேதான்! குடைந்தெடுத்த சதை பயாப்ஸிக்குப் போயிருக்கிறது.

மார்ச் 9

வார்டு முழுக்க ஒரே கேள்வி: "காத்து பிரிஞ்சுதா?" பக்கத்துக் கட்டில் பாட்டிகூட விசாரிக்கிறார். விடிகாலை நாலு மணிக்கு என்னைத் தட்டி எழுப்பி, "அக்கா, போயிருச்சு" என்றான். வயிற்றில் வைத்த டிரெயின் குழாயில் வடியும் நீரில் அமைலேஸ் (கணைய நீரில் இருக்கும் என்சைம்) குறைவு, அதனால் தையலில் கசிவில்லை. மத்தியானம் இளநீர்.

மார்ச் 15

டிஸ்சார்ஜ். பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை. சர்க்கரைக்கு இன்சுலின் தொடரும். ஆபரேஷன் வலிக்குத்தான், சர்க்கரைக்கு இல்லை. சாப்பாடு செரிக்க, அதோடு என்சைம் மாத்திரை. அது பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை.

வாசலில் இறங்கியதும் எதிர்வீட்டுப் பெரியப்பா தோளைத் தட்டினார். "இனிமேலாவது அதைத் தொடாதேப்பா."

"சரி பெரியப்பா" என்றான், சிரிக்காமல்.