குடியை விட்டவர்களோடு கூடியிருந்தது

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்துகொண்டு குடியை விட எங்கே போவது, யாரைக் கேட்பது என்று சிலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். இது நான் போன வழி. இதைவிட லேசான வழி கிடைத்தால் அதில் போங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாளாந்தம் நிறையக் குடித்தவர் வைராக்கியமாக வீட்டில் இருந்து ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. கை நடுக்கமும் வியர்வையும் முதல் நாளே தொடங்கிவிடும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளளவில் சிலருக்கு இல்லாத ஆட்கள் தெரிவார்கள், சொந்தப் பிள்ளையையே அடையாளம் தெரியாமல் புலம்புவார்கள். உயிரே போகக்கூடிய நிலை அது. அதைப் பேய்க் குணம் என்று நினைத்து நூல் கட்டக் கூட்டிப் போனதை ஊரில் கண்டிருக்கிறேன். என் மனிசி என்னை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போனாள். வார்ட்டில் வைத்து நடுக்கத்துக்கு மருந்து தந்து, அதைப் படிப்படியாகக் குறைத்தார்கள். வைட்டமின் பி1 ஊசியும் போட்டார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி, காசு கேட்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டும்போது டொக்டர் சொன்னார்: "உடம்பில இருந்து சாராயம் போயிட்டு. இனித்தான் வேலை இருக்கு. கிளினிக்கில குடியை விட்ட ஆக்கள் கூடிக் கதைப்பாங்க, நீங்களும் வாங்க."

தலையாட்டினேன். ஆனால் போவதுதான் பெரும்பாடு. மண்டூரில் இருந்து மட்டக்களப்புக்குப் போவதென்றால் பாதை என்கிற மிதவையில் வாவியைக் கடந்து குருமண்வெளித் துறையில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். பாதையில் ஏறினால் பாதி ஊர் நிற்கும். டீச்சர்மார், மீன் பெட்டி கட்டிய சைக்கிள்காரர், பொடியன்மார் எல்லோரும் அதற்குள்தான். "எங்க மாமா, விடியவே வெளிக்கிட்டிருக்கீங்க?" என்று கேட்பார்கள். குடியை விடுகிறவர்களின் கூட்டத்துக்கு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "கிளினிக்குக்கு" என்று சொல்லப் பழகினேன். அது பொய்யும் இல்லை. பிரஷருக்கும் சீனிக்கும் கிளினிக் போகிறவர்கள் ஊரில் எவ்வளவோ பேர். கிளினிக் கொப்பி கையில் இருந்தால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. வெட்கத்தால் தள்ளிப்போடுகிறவர்கள் இப்படிச் செய்து பாருங்கள்.

கூட்டத்தில் பிளாஸ்டிக் கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வாகரைப் பக்கத்தைச் சேர்ந்த வயதான ஒருவர் கதைத்தார். "கால் போத்தலை உரப் பைக்குள்ள ஒளிச்சு வைப்பன். மனிசி கண்டுபிடிப்பாள் எண்டதைவிட, வெறியில வச்ச இடத்தை நானே மறந்திருவன் எண்டதுதான் பயம்." எனக்கு நெஞ்சு பக்கென்றது. நான் ஒளித்து வைத்த இடமும் உரப் பைதான். அதுவரை அண்ணன், மச்சான், கோயில் வண்ணக்கர் என்று எத்தனையோ பேர் புத்தி சொல்லியிருக்கிறார்கள், எல்லோரும் என்மேல் அக்கறை உள்ளவர்கள்தான். இந்த மனுசன் எனக்கு ஒரு புத்தியும் சொல்லவில்லை. தன் கதையைச் சொல்லிவிட்டு இருந்தார். அடுத்த கூட்டத்துக்கு என்னை வர வைத்தது அந்தக் கதைதான்.

ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பற்றிச் சொன்னவரும் அவரே. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் என்ற பங்குத் தரகரும் பொப் என்ற சத்திரசிகிச்சை வைத்தியரும், குடியால் சீரழிந்த இருவர், ஒருவரோடொருவர் கதைத்ததில் தொடங்கியது அது. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தால் போதும், சேரலாம். சந்தா கிடையாது. முழுப் பெயரும் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டுக் குழுக்கள் சூமில் தமிழிலேயே கூட்டம் வைக்கிறார்கள். அவர்களின் நேரமும் நமது நேரமும் ஒன்று, கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. முகம் காட்ட விருப்பமில்லை என்றால் கமராவை நிறுத்திவிட்டுக் கேட்கலாம். வெள்ளாமைக் காவலுக்கு வாடியில் படுக்கிற இரவுகளில் இயர்போனை மாட்டிக்கொண்டு எத்தனையோ கூட்டம் கேட்டிருக்கிறேன்.

வெள்ளாமை வெட்டு முடிகிற காலம்தான் எனக்குப் பயங்கரமானது. மெசின் வெட்டி, மூட்டை ஏற்றி முடிந்ததும் போத்தல் வரும். வயல் சொந்தக்காரரான போடியார் அன்பாகத்தான் கிளாசை நீட்டுவார், மறுத்தால் மரியாதைக் குறைவாகப் படும். வரம்பில் நின்று வாகரைக்காரருக்குப் போனில் கோல் எடுத்தேன். "இண்டைக்கு மட்டும் குடியாதீங்க தம்பி. நாளையப் பத்தி நாளைக்குக் கதைப்பம். முதல்ல அந்த இடத்தை விட்டு வெளிக்கிடுங்க" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டு ஆட்களுக்கென்று அல்-அனான் 1951இல் இருந்தே இருக்கிறது. குடிக்கிறவர் வராவிட்டாலும் மனைவியோ தாயோ தனியாக அதில் சேரலாம். இதை நம் பெண்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துத் தமிழில் கதைக்கலாம்.

இரண்டு மூன்று பேர் கூடினாலே அது ஒரு குழு என்பது ஏ.ஏ.யின் வழக்கம். அந்தத் துணிவில் இப்போது எங்கள் பக்கத்திலும் ஞாயிறு பின்னேரங்களில் சிலர் ஒரு பாலர் பாடசாலைக் கட்டடத்தில் கூடுகிறோம். தேத்தண்ணி இருக்கும். குடித்துவிட்டு வந்தாலும் உள்ளே விடுவோம். அன்றைக்கு மட்டும் கதைக்காமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.