ஐந்தாம் பெட் தாத்தாவும் என் ஆள்காட்டி விரலும்

நர்சிங் முடித்து வேலைக்குச் சேர்ந்து 11 நாள்தான் ஆகியிருந்தது. நைட் டியூட்டி. தை மாதப் பனியில் வார்டு ஜன்னல் கண்ணாடியெல்லாம் வெளுத்துக் கிடந்தது. காலை ஐந்து மணிக்கு ஐந்தாம் பெட் தாத்தாவுக்கு ரத்தம் எடுத்தேன். சம்பா அறுத்த வயலில் தாள்கட்டை காலில் குத்தி, சர்க்கரையும் சேர்ந்து புண் பெரிதாகி, மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்து படுத்திருந்தவர். ரத்தத்தைக் குழாயில் விட்டுவிட்டு ஊசிக்கு மூடி போடப் போனேன். போடவே கூடாது, நேராக ஹப் கட்டரில் (ஊசியை வெட்டும் கருவி) வெட்டிவிட வேண்டும் என்று காலேஜில் தலைபாடாகச் சொல்லியிருந்தார்கள். அரைத் தூக்கத்தில் கை அதன் போக்கில் போய்விட்டது. மூடி வழுக்கியது. க்ளவுஸைத் தாண்டி இடது ஆள்காட்டி விரலில் சுருக்கென்று இறங்கியது.

“குத்திடுச்சாம்மா?” என்றார் தாத்தா.

“இல்ல தாத்தா.”

அந்தப் பொய்யோடு பாத்ரூமுக்கு ஓடி விரலைப் பிதுக்கினேன், ஸ்பிரிட் ஊற்றினேன். இரண்டுமே தப்பு. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவினால் போதும். பரீட்சையில் கேட்டிருந்தால் சரியாக எழுதியிருப்பேன்!

ஒரு மணி நேரம் யாரிடமும் சொல்லவில்லை. சேர்ந்த உடனே இப்படியா என்று கேட்பார்களே, வேலை போய்விடுமோ, வீட்டில் கல்யாணப் பேச்சு வேறு நடக்கிறதே என்று என்னென்னவோ ஓடியது. சார்ட்டில் ஒருவருடைய பி.பி.யை இரண்டு முறை எழுதி வைத்திருந்தேன்.

ஆறு மணிக்கு வந்த இன்சார்ஜ் சிஸ்டர் என் முகத்தைப் பார்த்ததும் “என்னாச்சு பாப்பா?” என்றார். அழுதுவிட்டேன். அவர் திட்டவில்லை. “எத்தனை மணிக்குக் குத்துச்சு?” என்று மட்டும் கேட்டார். ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், முதல் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் ரொம்ப நல்லது. 6.40-க்கு முதல் மாத்திரை போட்டேன். “நானெல்லாம் நாலு தடவை குத்திக்கிட்டேன், என்ன ஆச்சு?” என்றார் இன்னொரு சீனியர். ஆறுதலுக்குத்தான் சொன்னார், எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அடுத்தது தாத்தாவிடம் சம்மதம் கேட்பது. அவருடைய அனுமதி இல்லாமல் ஹெச்.ஐ.வி. பரிசோதனை செய்ய முடியாது. சிஸ்டர்தான் பேசினார், நான் பின்னால் நின்றேன். “அப்பவே கேட்டேனே, இல்லன்னுச்சே இந்தப் பொண்ணு” என்று தாத்தா கையை நீட்டினார்.

ஹெச்.ஐ.வி. இல்லை. மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொன்னார், இல்லாவிட்டால் 28 நாள் போட்டிருக்க வேண்டும். ஆனால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி இருந்தது. அது இருப்பது அவருக்கே தெரியாது. நான் பயந்ததெல்லாம் ஹெச்.ஐ.வி.க்கு. அது ஊசி வழியாகத் தொற்றுவது ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்போ நூற்றுக்கு 6 முதல் 30 வரை. என் கணக்கில் மூன்று டோஸில் இரண்டுதான். மூன்றாவது, ஸ்டடி லீவில் விட்டுப் போனது.

கிருமியை எதிர்க்கும் தயார் எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் ஊசி தஞ்சாவூரிலிருந்து ஐஸ் டப்பாவில் வந்து சேர மதியம் ஆகிவிட்டது. எடை பார்த்துக் கணக்குப் போட்டு அதை இடுப்பில் போட்டார்கள், விட்டுப்போன தடுப்பூசியைக் கையில். முதல் தடவையாக இன்சிடென்ட் ரிப்போர்ட்டும் எழுதினேன், “மூடி போட்டபோது” என்ற வார்த்தையை மறைக்காமல்.

டாக்டர் சொன்ன பிறகு தாத்தா என்னைக் கூப்பிட்டு, “என்னால உனக்கு வந்துடுமா?” என்றார். ஊசி போட்டாச்சு, பெரும்பாலும் வராது என்றேன். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. மறுநாள் அவர் மகன், மருமகள், பேரன் எல்லோரும் ரத்தம் கொடுக்க வந்தார்கள். யாருக்கும் தொற்று இல்லை, தடுப்பூசி ஆரம்பித்தாகிவிட்டது.

ஆறு மாதம் கழித்து எனக்கும் நெகட்டிவ். எதிர்ப்பு சக்தி அளவு 10-க்கு மேல் இருந்தால் போதும், எனக்கு நூறைத் தாண்டியிருந்தது. அன்றைக்குத்தான் அம்மாவிடம் சொன்னேன். “ஆறு மாசமா இதையா மனசுல வச்சிருந்த?” என்று பொரிந்து தள்ளிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்:

“அந்தப் பெரியவருக்குக் கால் ஆறிடுச்சா?”