எடுத்தாயிற்று, அதுவரைக்கும்?

பள்ளிக்கூடத் தெருவில் கிடந்த அந்த வேகத்தடையை எடுத்தது சரிதான் என்று இப்போதும் சொல்வேன். அரை அடி உயரம், ஒன்றரை அடி அகலம். யாரோ வீட்டுக்குத் தளம் போட்டு மிஞ்சிய கான்கிரீட்டை ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டி, கரணையால் ஒரு இழுப்பு இழுத்திருந்தார்கள். பெயிண்ட் இல்லை, போர்டு இல்லை, பக்கத்துக் கம்பத்தில் லைட்டும் எரியவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றின் மேல் பைக் மோதிய கோபத்தில் தெருக்காரர்கள் போட்டது அது. போட்ட பிறகு அதே இடத்தில், பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த ஒரு பெண் தூக்கி வீசப்பட்டார். போடச் சொல்லி ஒரு மனு, எடுக்கச் சொல்லி ஒரு மனு. நகராட்சியிலிருந்து ஆணை போட்டோம், ஜேசிபி வந்தது, வேலை முடிந்தது.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தலைமையாசிரியை கேட்டதுதான் உறுத்துகிறது.

"எடுக்க அரை மணி நேரம் ஆச்சு சார். போட எத்தனை நாள் ஆகும்?"

"எஸ்டிமேட் போடணும் டீச்சர், கமிட்டிக்குப் போகணும். அப்புறம் தார்க் கலவை வர்ற அன்னைக்குத்தான் போட முடியும்."

"அதுவரைக்கும்?"

"பேரிகார்டு வெக்கச் சொல்றேன்."

"அது போலீஸ்காரங்களோடதுல்ல?"

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. தார்க் கலவையை எடுத்துக்கொள்வோம். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் ஐ.ஆர்.சி. 99 வழிகாட்டி 1988இலேயே வேகத்தடைக்கு அளவு சொல்லிவிட்டது: வளைவின் ஆரம் 17 மீட்டர், வண்டி போகும் திசையில் அகலம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டரில் வருகிறவனைக் குலுக்காமல் விடும், அதற்கு மேல் வருகிறவனை மட்டும் தண்டிக்கும். 7 மீட்டர் அகலத் தெருவுக்கு இந்த அளவில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1.7 கன மீட்டர், அதாவது சுமார் 4 டன் கலவை வரும். 4 டன்னுக்காக எந்த ஹாட்மிக்ஸ் பிளான்ட்டும் அடுப்பு பற்றவைக்காது. பக்கத்தில் எங்காவது சாலை வேலை நடக்கிற நாளில், அந்த லோடோடு சேர்த்து வாங்கினால்தான் உண்டு. டிப்பர் வந்து சேர்வதற்குள் கலவை ஆறிவிட்டாலும் பயனில்லை. வி.ஜி. 30 ரகத் தார் என்றால், சூடு 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் ரோலர் ஓடி முடிந்திருக்க வேண்டும். ஆறின கலவையில் போட்ட வேகத்தடை அடுத்த மழையிலேயே ஜல்லி ஜல்லியாகக் கழன்று போகும்.

போடுகிற விதத்திலும் தவறு நடக்கும். ஒப்பந்ததாரரின் ஆட்கள் கண்மதிப்பில் குவிப்பார்கள். மேலே 8 டன் ரோலர் ஏறினால் அது அப்பமாய் அமுங்கிவிடும். அமுங்குமே என்று உயர்த்திக் குவித்தால் பழையபடி சுவர். பிளைவுட்டில் ஒரு அளவு அச்சு வெட்டிக் கொடுத்தால் பிரச்சினை பாதி தீரும். நடுவில் 10 சென்டிமீட்டர், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 92 சென்டிமீட்டர் தள்ளி 7.5, ஓரத்தில் பூஜ்யம். அழுத்தம் குறைக்கும் உயரத்துக்கு ஈடாக உதிரிக் கலவையை நான்கில் ஒரு பங்கு கூட்டிப் போட வேண்டும். இறுக்குவதற்குச் சின்ன ரோலர் அல்லது தட்டு அதிர்வி போதும். பழைய தார் மேல் ஒட்டுப் பிடிக்க எமல்ஷன் என்கிற தார்க் குழம்பு அடிக்காமல் போட்டால் லாரி பிரேக் பிடிக்கிற பக்கமாக மொத்த மேடும் நகர்ந்துவிடும். ஓரத்தில் மழைத் தண்ணீர் போக இடைவெளி விட வேண்டும். விட்டால் இரு சக்கர வண்டி அத்தனையும் அந்த இடுக்கில்தான் நுழையும், பிள்ளைகள் நடக்கிற ஓரமும் அதுதான். அந்த இடத்தில் ஒரு குறுங்கம்பம் நட்டால்தான் சரிவரும். கறுப்பு வெள்ளைப் பட்டை, 40 மீட்டருக்கு முன்னால் எச்சரிக்கைப் போர்டு, இதெல்லாம் எஸ்டிமேட்டில் கடைசி வரிகள். பணம் குறையும்போது முதலில் அடிபடுவதும் அந்த வரிகள்தான். போர்டில்லாத வேகத்தடையை நகராட்சி போட்டால் என்ன, தெருக்காரர் போட்டால் என்ன, விழுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

கமிட்டியும் சும்மா இல்லை. கோயம்புத்தூர் எலும்புமுறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 நவம்பர் 30இல் போட்ட உத்தரவில் மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றிருக்கிறது. ஆட்சியர் தலைமையில் காவல்துறை, நெடுஞ்சாலைத் துறை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், நகராட்சி எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான், இந்தத் தெரு யாருடையது, அந்த முனையிலிருந்து யாருடையது என்பதே தெளிவாகும். எங்கள் தெருவை எடுத்துக்கொண்டால், முனை நெடுஞ்சாலைத் துறைக்கு, தெரு எங்களுக்கு, லைட் எங்களுக்கு, அதன் கம்பம் மின்வாரியத்துக்கு. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ பிரிவு சேர்ந்த பிறகு, தரப்படி இல்லாத சாலையால் உயிர் போனாலோ ஊனம் வந்தாலோ பொறுப்பான அமைப்புக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆகவே தெரிந்தே அந்தக் கான்கிரீட் கட்டியை விட்டுவைப்பது யாராலும் ஆகாத காரியம்.

இப்படி ஒவ்வொன்றாக அடுக்கினால் என் பக்கம் வலுவாகத்தான் தெரிகிறது. ஆனால் டீச்சர் கேட்டது இவை எதையுமே இல்லை. இடைப்பட்ட காலத்தைத்தான் கேட்டார்.

எடுப்பதற்கு ஒரு கையெழுத்து போதும், போடுவதற்கு ஒரு ஃபைல் வேண்டும். இரண்டுக்கும் நடுவே அந்தத் தெரு யார் பொறுப்பில் இருந்தது என்று கேட்டால் விதிப்புத்தகத்தில் பதில் கிடைக்காது. எடுத்த இடமும் ஒழுங்காக இல்லை. ஜேசிபி பக்கெட்டின் பல் கான்கிரீட்டோடு சேர்த்துத் தாரையும் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. கம்ப்ரசர் வைத்து ஓரம் வெட்டி எடுத்திருந்தால் குழி விழுந்திருக்காது, ஆனால் அதற்குத் தனி வாடகை. ஆக வேகத்தடை போய், ஜல்லியும் தூசியும் கொட்டிய ஒரு பேட்ச் வந்தது. அதற்காக வண்டிகள் கொஞ்சம் மெதுவாகத்தான் போயின என்பது இன்னொரு கூத்து.

இடைப்பட்ட காலத்துக்குச் செய்யக் கூடியவை இல்லாமலில்லை. மணல் நிரப்பிய டிரம்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒளிரும் பட்டை ஒட்டி, சாலையின் இரு பக்கத்திலும் மாற்றி மாற்றி வைத்தால் நேராக முறுக்கிக்கொண்டு போக முடியாது. டிரம் நம் ஸ்டோரிலேயே கிடக்கும். பள்ளி விடும் நேரத்தில் மட்டும் வாசலுக்கு இரு பக்கமும் 15 மீட்டருக்கு வண்டி நிறுத்த விடாமல் கயிறு கட்டலாம். உண்மையில் அந்த இடத்துக்கு வேகத்தடையைவிட இதுதான் மருந்து என்று நினைக்கிறேன். மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் வண்டி நிற்க 45 மீட்டர் வேண்டும் என்பது நம் வடிவமைப்புக் கணக்கு. அதில் பாதிக்கு மேல் ஓட்டுநர் பார்த்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோவதற்குள்ளேயே தீர்ந்துவிடும். நிறுத்தி வைத்த இரண்டு குட்டியானைகளின் நடுவிலிருந்து ஒரு பிள்ளை எட்டிப் பார்த்தால் 10 மீட்டரில்தான் கண்ணில் படும். வேகம் மட்டும் காரணமில்லை, மறைப்பும் காரணம். ஆனால் குட்டியானையை நகர்த்தச் சொன்னால் கடைக்காரர்கள் கவுன்சிலரிடம் போவார்கள், வேகத்தடை போட்டால் மாலை போடுவார்கள்.

இதையெல்லாம் அன்றே சொல்லியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: டிரம் வைக்கவும் போலீஸ் சம்மதம் வேண்டும், ராத்திரி அதில் ஒருவர் மோதினால் அதுவும் நம் தலையில்தான். இதைச் சாக்கு என்றும் சொல்லலாம். நானே சில நேரம் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஃபைல் ஏன் மெதுவாக நகர்ந்தது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு, அது யாருடைய சோம்பலும் இல்லை. கணக்குப்படி அந்தத் தெருவில் விபத்தே நடக்கவில்லை. 2022இல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள் என்று ஒன்றிய அரசின் அறிக்கை சொல்கிறது. அந்த 64,105இல் சேர வேண்டுமானால் காவல் நிலையத்தில் பதிவாக வேண்டும். பதிவானால் போலீஸ்காரர் விபத்துகளைப் பதியும் ஐராட் செயலியில் இடத்தைக் குறிப்பார். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய நல்ல கருவி அது. ஆனால் பிள்ளைமேல் மோதிய பையன் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிட்டான், பேசி முடித்துவிட்டார்கள். பின்னால் உட்கார்ந்து விழுந்த பெண்ணின் வீட்டிலும் புகார் எழுதவில்லை. தேசிய நெடுஞ்சாலையில் விபத்து மிகுந்த இடம் எது என்று வகுத்த கரும்புள்ளி இலக்கணப்படி, சுமார் 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டில் மரணமோ கொடுங்காயமோ உள்ள விபத்து ஐந்து, அல்லது மரணம் பத்து இருக்க வேண்டும். ஒரு வார்டுத் தெரு அந்தத் தகுதியை எட்டுவதற்காகக் காத்திருந்தால் ஊரில் பிள்ளைகள் மிஞ்ச மாட்டார்கள்.

அதனால்தான் தெருவில் விபத்தை எண்ணாமல் வேகத்தை அளக்க வேண்டும் என்பது என் கட்சி. ரேடார் துப்பாக்கிகூட வேண்டாம். 50 மீட்டர் இடைவெளியில் சாக்பீஸால் இரண்டு கோடு, கையில் ஸ்டாப்வாட்ச். 180ஐ நொடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும்: 6 நொடி என்றால் 30, 4.5 நொடி என்றால் 40, 3.6 நொடி என்றால் 50. நூறு வண்டியாவது எடுத்து, மெதுவானதிலிருந்து வேகமானது வரை வரிசைப்படுத்தி, 85ஆவது வண்டியின் வேகத்தைப் பார்க்க வேண்டும். அளக்கிறவர் காக்கிச் சட்டையோடு நின்றால் எல்லோரும் மெதுவாகப் போவார்கள், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எடுப்பது உத்தமம். போடுவதற்கு முன்பும் பின்பும் இதே கணக்கை எடுத்தால் வேலை பலித்ததா என்று சில வாரத்தில் தெரியும். விபத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், ஒரு வருஷம் இரண்டு, அடுத்த வருஷம் ஒன்றுமில்லை என்பது சும்மாவே நடக்கும். வேகத்தடையால் குறைந்தது என்று நாம்தான் மார் தட்டிக்கொள்வோம்.

தெருக்காரர்களின் கான்கிரீட் இருந்தபோது அந்த இடத்தில் யாரும் வேகத்தை அளக்கவில்லை. அது பிள்ளைகளை எவ்வளவு காத்தது, எத்தனை பேரை விழவைத்தது என்று இனித் தெரிய வழியில்லை. எடுத்ததற்கும் புதியது போட்டதற்கும் நடுவில் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. அதைக் காட்டி நான் செய்தது சரி என்று சொல்லிவிடலாம், அலுவலகத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒன்றும் நடக்காததை எதற்கும் சாட்சியாக வைக்க முடியாது என்று மேலே எழுதியவனே நான்தானே.

இப்போது அகற்றும் குறிப்பு எழுதும்போது, அன்று சாயங்காலத்துக்குள் அந்த இடத்தில் என்ன வைக்கப்படும், யார் வைப்பார்கள் என்று ஒரு வரி சேர்க்கிறேன். வைக்க ஒன்றும் இல்லையென்றால் அகற்றும் தேதியைத் தள்ளுகிறேன். உடன் வேலை பார்க்கும் உதவிப் பொறியாளருக்கு இது பிடிக்கவில்லை. "உங்க டிரம் வர்ற வரைக்கும் அந்தக் கட்டியில யாராவது விழுந்தா, தேதியைத் தள்ளினது யாருன்னுதானே சார் கேப்பாங்க?" என்கிறார். பழைய மார்க்கெட் பின்தெருவில் இதே மாதிரி ஒன்று கிடக்கிறது. அதற்கான குறிப்பில் அந்த வரி காலியாக இருக்கிறது. ஸ்டோரில் டிரம் தீர்ந்துவிட்டது.