டாக்டர் எழுதிய தேதியில் பணம் நின்றுவிடும்

கலிபோர்னியாவில் வேலை பார்க்கிறவர்கள் பேஸ்லிப்பை எடுத்துப் பார்த்தால் ஃபெடரல் வரி, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் எல்லாம் தாண்டி சிஏ எஸ்டிஐ (கலிபோர்னியா ஸ்டேட் டிசெபிலிட்டி இன்ஷூரன்ஸ்) என்று ஒரு பிடித்தம் இருக்கும். வருஷக்கணக்கில் அதில் பணம் போய்க்கொண்டிருந்தாலும் அது என்னவென்று நம் ஆட்களில் பலர் கேட்டதே இல்லை. கேட்டால் "ஏதோ ஸ்டேட் டேக்ஸ்" என்பார்கள். உடம்பு முடியாமல் வேலைக்குப் போக முடியாத காலத்தில் சம்பளத்தில் ஒரு பங்கை மாநிலம் தரும், அந்த இன்ஷூரன்சுக்கு நாம் கட்டுகிற பிரீமியம் அது. 1946-லிருந்து இருக்கிறது. 2024 முதல் இதற்குச் சம்பள உச்சவரம்பும் கிடையாது, முழுச் சம்பளத்துக்கும் பிடிக்கிறார்கள், 2025-ல் அது 1.2 சதவீதமாக இருந்தது. ஒன்றரை லட்சம் டாலர் வாங்கியவர் அந்த வருஷம் 1,800 டாலர் கட்டினார், அத்தனையும் அவர் சம்பளத்திலிருந்து. அப்புறம் இதை வாங்க என்ன கூச்சம்?

எனக்கு இது தேவைப்பட்டது முதுகில் டிஸ்க் ஆபரேஷனுக்கு அப்புறம். லேபில் நாள் முழுக்க நின்றுகொண்டு, நடுவில் பெட்டி தூக்கிக்கொண்டு பார்க்கிற வேலை என்னுடையது. ஆபரேஷன் கதையை இங்கே சொல்லப்போவதில்லை, முதுகுவலிக் கதை சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சித்தப்பா இருக்கிறார். கிளைம் போடுவது எப்படி என்றும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதை நீட்டிப்பது எப்படி என்றுதான் யாரும் விவரமாகச் சொல்வதில்லை, பணம் சிக்கிக்கொள்கிற இடமோ அதுதான்.

முதல் பாகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதைப் பார்த்துக்கொள்வது ஈடிடி, வேலை போனவர்களுக்குப் பணம் தருகிற அதே துறை. உடம்பு முடியாமல் போன நாளிலிருந்து 9 நாள் கழித்துத்தான் விண்ணப்பிக்க முடியும், 49 நாளுக்குள் போட்டாக வேண்டும். முதல் 7 நாளுக்குப் பணம் கிடையாது. அதிகபட்சம் 52 வாரம். வேலை செய்யும்போது வேலையினாலேயே அடிபட்டிருந்தால் அது வொர்க்கர்ஸ் காம்ப் கணக்கு, பாதை வேறு.

தொகை பற்றி ஒரு விஷயம். 2025-ல் தொடங்கிய கிளைம்களுக்குச் சம்பளத்தில் 70 முதல் 90 சதவீதம் வரை என்கிறார்கள், ஆனால் 90 என்பது குறைந்த சம்பளக்காரர்களுக்கு. அந்த வருஷம் வாரத்துக்கு 1,681 டாலர் என்று மேல் எல்லையும் இருந்ததால், வருஷச் சம்பளம் ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம் டாலரைத் தாண்டியவர்களுக்கு 70 கூட நிற்கவில்லை. எந்தச் சம்பளம் என்பதிலும் ஒரு முடிச்சு உண்டு. இப்போது வாங்குகிற சம்பளத்தைப் பார்ப்பதில்லை. ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் கிளைம் தொடங்கினால் போன செப்டம்பர் 30-ல் முடிந்த பன்னிரண்டு மாதங்களைத்தான் எடுத்துக்கொள்வார்கள், அதிலும் எந்தக் காலாண்டில் அதிகம் வாங்கினீர்களோ அதை வைத்துக் கணக்கு. டெக்சாஸிலிருந்து மாறி வந்த நண்பர் ஒருவர், வந்த கொஞ்ச நாளிலேயே காலை உடைத்துக்கொண்டார். அவருக்கு ஒன்றும் வரவில்லை, ஏனென்றால் அந்தப் பன்னிரண்டு மாதத்தில் அவர் கலிபோர்னியாவில் பிரீமியமே கட்டியிருக்கவில்லை.

ஆன்லைனில் போட ஐடி.மீ என்கிற தளம் வழியாக அடையாளத்தை உறுதி செய்ய வேண்டும். தமிழ்ப் பெயர்க்காரர்களுக்கு இது தனித் திருவிழா. பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி, விசாவில் எஃப்என்யூ (ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்), சோஷியல் செக்யூரிட்டி கார்டில் அப்பா பெயர் கடைசியில், டிரைவிங் லைசென்சில் அதே பெயர் முன்னால் என்று ஆளுக்கொரு விதம். ஆபரேஷன் தேதி முன்கூட்டியே தெரிந்தவர்கள் இந்தக் கணக்கை மட்டுமாவது அதற்கு முன்பே திறந்து வைத்துவிடுங்கள், வலி மாத்திரை போட்டுக்கொண்டு வீடியோ காலில் பாஸ்போர்ட்டைத் தூக்கிக் காட்டுவது அவ்வளவு சுகமான அனுபவம் இல்லை.

நம் பகுதியை முடித்ததும் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் ரசீது எண் ஒன்று வரும். அதை டாக்டர் ஆபீசில் கொடுக்க வேண்டும், அதை வைத்து அவர்கள் மருத்துவச் சான்றை நேராக ஈடிடிக்கு அனுப்புவார்கள். டாக்டர் பகுதி போய்ச் சேராமல் கிளைம் நகராது. அந்தச் சான்றில்தான் டாக்டர் ஒரு தேதி போடுகிறார், இந்த ஆள் எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்று அவர் உத்தேசிக்கிற தேதி. போடும்போது யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. இந்த ஆபரேஷனா, ஆறு வாரம், அடுத்த பேஷண்ட். ஆனால் மாநிலத்தின் கணினிக்கு அதுதான் வேதம். அந்தத் தேதி வரை பணம் வரும், உங்களால் குனிந்து செருப்பு மாட்ட முடிகிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது.

தேதி நெருங்கும்போது, அதுவரைக்கான கடைசிப் பணத்தோடு ஈடிடி ஒரு ஃபாரம் அனுப்பும், டிஇ 2525எக்ஸ்எக்ஸ் என்று பெயர், சப்ளிமெண்டரி சர்டிஃபிகேட் என்பது இதுதான். இன்னும் குணமாகவில்லை என்றால் டாக்டர் அதைப் பூர்த்தி செய்து புதுத் தேதி போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். டாக்டர் ஈடிடியின் ஆன்லைன் தளத்தில் கணக்கு வைத்திருப்பவர் என்றால் அங்கேயே செய்துவிடலாம். இதில் கவனிக்க வேண்டியது, ஃபாரம் கைக்கு வரும்போது கடைசிப் பணமும் வந்துவிட்டது என்பது. அதற்கப்புறம் டாக்டர் ஆபீசுக்குப் போய், அங்கே ஃபாரங்களுக்கென்று தனியாக ஒரு பிரிவு, அவர்கள் "இத்தனை வேலை நாள் ஆகும்" என்று சொல்லி, அது ஈடிடிக்குப் போய், அவர்கள் பார்த்து முடிக்கும் வரை கையில் காசு வராது. வாடகைத் தேதி மட்டும் தவறாமல் வரும்.

என் விஷயத்தில் நடந்தது இது. ஆபரேஷனுக்குப் பின் பார்க்கப் போனபோது, இன்னும் வேலைக்குத் தயாரில்லை, மாதக் கடைசி வரை ஓய்வு என்று முடிவாகி ஒரு நோட் கொடுத்தார்கள். அதை எச்ஆருக்கு அனுப்பினேன், அவர்களும் லீவை நீட்டித்தார்கள். ஈடிடி கணக்கிலோ பழைய தேதியே நின்றது, பணமும் அதோடு நின்றது. கிளினிக்கில் கேட்டால் "நோட் கொடுத்துவிட்டோமே" என்றார்கள். அவர்களைப் பொறுத்தவரை நீட்டிப்பு முடிந்துபோன வேலை. கம்பெனிக்குக் கொடுக்கிற நோட் வேறு, மாநிலத்துக்குப் போகிற சான்று வேறு, ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது என்று ஃபோனில் நான் விளக்க, எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு "டாக்டரின் அசிஸ்டண்டுக்கு மெசேஜ் வைக்கிறேன்" என்றார். மறுபடி அழைத்தால் வேறொருவர் எடுப்பார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். கடைசியில் வேலை செய்தது ஒரே ஒரு வாக்கியம்: "ஈடிடிக்கு சப்ளிமெண்டரி சர்டிஃபிகேட் போக வேண்டும், என் கிளைம் எண் இது, புதுத் தேதி இது." டிஐ என்று தொடங்கும் அந்தக் கிளைம் எண்ணை பேஷண்ட் போர்ட்டலில் எழுத்தாகவே அனுப்பினேன். அதற்கப்புறம் விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்துப் பணம் வந்தது.

மூன்று இடத்தில் மூன்று தேதி இருக்கிறது, அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை. டாக்டர் மாநிலத்துக்கு எழுதியது, டாக்டர் கம்பெனிக்கு எழுதியது, கம்பெனி லீவு கடிதத்தில் போட்டது. பெரிய கம்பெனி என்றால் லீவைக் கவனிக்கிற வெளி நிறுவனம் ஒன்று நடுவில் இருக்கும், அதனிடம் நான்காவது தேதி. தேதியை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிற வேலை நோயாளிக்குத்தான். எனக்கு இது சரியென்று தோன்றவில்லை, படுத்திருக்கிற ஆளை தபால்காரர் ஆக்குவது என்ன நியாயம்? ஆனால் அப்படித்தான் இருக்கிறது. அதனால் கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்க்கிற மாதிரி அப்பாயிண்ட்மெண்ட் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபாரம் வந்த பிறகு அப்பாயிண்ட்மெண்ட் தேடினால், ஸ்பெஷலிஸ்ட் அடுத்த மாதம்தான் கிடைப்பார். வாரா வாரம் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட்டுக்கு உங்கள் முதுகைப் பற்றி டாக்டரைவிட நன்றாகவே தெரிந்திருக்கும், ஆனால் அவர் சான்றிதழ் தர முடியாது.

டாக்டரிடம் பேசுவதிலும் நம் ஆட்களுக்கு ஒரு வழக்கம். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று அவர் கேட்டதும் "ஐ ஆம் ஃபைன் டாக்டர், மச் பெட்டர்" என்று வந்துவிடும், மரியாதைக்குச் சொன்னதுதான். அவர் அதையே டைப் செய்கிறார். நீட்டிப்புச் சான்றில் அவர் எழுத வேண்டியது, வழக்கமான வேலையைச் செய்ய விடாமல் இந்த ஆளை இன்னும் தடுப்பது எது என்பது. சாஃப்ட்வேர்காரர் போல உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தால் எழுத அவரிடம் ஒன்றும் இருக்காது. நான் இத்தனை மணி நேரம் நிற்க வேண்டும், இவ்வளவு எடை தூக்க வேண்டும், இப்போது இருபது நிமிஷம் நின்றால் கால் மரத்துப்போகிறது என்று சொல்ல வேண்டும். மிகைப்படுத்தச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னால் போதும், ஆனால் முழுவதும் சொல்ல வேண்டும்.

பணம் வருகிற விதமும் எல்லாருக்கும் ஒன்றில்லை. சிலருக்கு டாக்டர் போட்ட தேதி வரை தானாக வந்துகொண்டிருக்கும், சிலர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை "இன்னும் முடியவில்லை" என்று கேள்விகளுக்குப் பதில் போட்டு உறுதி செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால் டாக்டர் சான்று சரியாக இருந்தாலும் பணம் வராது. இன்பாக்ஸை மட்டும் நம்பாமல் வீட்டுத் தபால் பெட்டியையும் பாருங்கள், நோட்டீஸ் பழைய முறைப்படி தபாலிலும் வரும். மறுத்துவிட்டதாக நோட்டீஸ் வந்தால் அதில் போட்ட தேதியிலிருந்து 30 நாளுக்குள் அப்பீல் செய்யலாம், கூடவே வருகிற அப்பீல் ஃபாரத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டார், எச்-1பியில் இருப்பவர்கள் வாங்கலாமா, கிரீன் கார்டுக்கு இடைஞ்சல் வருமா என்று. பிரீமியம் கட்டியவர் யாரும் வாங்கலாம், ஈடிடி குடியேற்ற நிலையைப் பார்த்து மறுப்பதில்லை. இது இலவச உதவியும் இல்லை, நாம் கட்டிய இன்ஷூரன்ஸ், அதனால் பப்ளிக் சார்ஜ், அதாவது அரசு உதவியை நம்பி வாழ்கிறவர் என்று கிரீன் கார்டை மறுத்துவிடுவார்களோ என்ற பயமும் வேண்டாம். உடம்பு முடியாமல் லீவில் இருக்கும்போது கம்பெனி சம்பளம் போடாமல் இருப்பதும் எச்-1பி விதிப்படி சரிதான், ஆனால் பின்னால் கம்பெனி மாறும்போதோ எக்ஸ்டென்ஷன் போடும்போதோ அந்த மாதங்களுக்கு பேஸ்லிப் எங்கே என்று கேட்பார்கள். லீவுக் கடிதத்தையும் ஈடிடி பணம் போட்ட விவரத்தையும் பத்திரமாக ஒரு ஃபோல்டரில் வையுங்கள்.

பணம் வருகிறது என்றால் வேலையும் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. எஸ்டிஐ வேலையைக் காப்பாற்றாது. அதற்கு எஃப்எம்எல்ஏ (ஃபெடரல்), சிஎஃப்ஆர்ஏ (கலிபோர்னியா) என்று தனி லீவுச் சட்டங்கள். பொதுவாக ஒரு வருஷம் வேலை பார்த்து 1,250 மணி நேரம் முடித்திருந்தால் 12 வாரம். டிசெபிலிட்டி பணம் 52 வாரம் வரை போகலாம், வேலைப் பாதுகாப்பு 12-ல் முடிகிறது. நடுவில் இருக்கிற அந்தப் பெரிய இடைவெளியில் எச்ஆரிடம் கூடுதல் லீவை அக்காமடேஷன் (உடல்நிலைக்காகக் கம்பெனி செய்து தருகிற ஏற்பாடு) என்று எழுத்தில் கேட்க வேண்டும். "லீவு நீட்டித்தாயிற்று" என்று யாராவது ஃபோனில் சொன்னால், எந்தச் சட்டத்தின் கீழ், எந்தத் தேதி வரை என்று ஒரு மெயில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஈடிடி தருகிற பணத்திலிருந்து மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பிடித்தம் போகாது, உங்கள் பங்கைக் கம்பெனி தனியாகக் கேட்கும்.

திரும்பிப் போகும்போது ஒரேயடியாக முழு நேரத்துக்குப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. டாக்டர் அரை நாள் என்று எழுதினால், குறைகிற சம்பளத்துக்கு ஏற்ப டிசெபிலிட்டியில் ஒரு பங்கு தொடர்ந்து வரலாம், வாங்கிய சம்பளத்தை ஈடிடிக்குச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். முழுக்க வேலைக்குத் திரும்பி, 60 நாளுக்குள் அதே கோளாறு மறுபடி படுக்க வைத்தால் அது பழைய கிளைமின் தொடர்ச்சியாகவே போகும், சம்பளமில்லாத அந்த 7 நாளை இரண்டாவது தடவை உட்கார்ந்து கழிக்க வேண்டியதில்லை. அதனால் வேலைக்குப் போய் இரண்டு மாதம் ஆகும் வரை கிளைம் எண், டாக்டர் ஆபீசில் ஃபாரம் பார்க்கிற பிரிவின் நேரடி நம்பர் எல்லாவற்றையும் ஃபோனிலேயே வைத்திருங்கள்.